முத்தாள் ஆச்சியின் மூக்கும் பத்துப் பாட்டில் எண்ணெயும்

"பத்துப் பாட்டிலும் ஒரே வாசம் அடிக்குது! யாரு கை வச்சது? சொல்லு ஆத்தா!"

"கத்தாதடா ஆதப்பா, முகப்புல பெரிய மனுசர் உக்காந்திருக்காரு."

"அந்தப் பெரிய மனுசருக்கு இப்ப எதைக் காட்டுறது? ஒன் மூஞ்சியவா?"

திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், ஐம்பத்தேழாம் வருஷம் சித்திரையில், முத்தாள் ஆச்சி வீட்டு இரண்டாம் கட்டில் நடந்த சண்டை இது. நான் உறைமோர் வாங்கப் போயிருந்தேன். எங்கள் வீட்டிலேயே மோர் இருந்தது என்பது வேறு விஷயம்.

ஆச்சியின் மூத்த மகன் ஆதப்பன் சென்னையில் கெமிஸ்ட்ரி படித்தவன். நல்லெண்ணெய் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு எள்ளிலிருந்து வரும் செசமால் என்கிற சரக்கும் ஒரு காரணமாம். அதை ஒரு சிட்டிகை கடலை எண்ணெயில் போட்டால் அதுவும் லேசில் கெடாதாம். உடம்புக்குள் இருக்கிற கொழுப்பையும் இது கெடாமல் காக்குமா, நாளைக்கு மருந்தாகுமா என்று பார்க்க வேண்டும் என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். தலைவலிக்கு ஒரு மாத்திரை கேட்டால் மட்டும் கையை விரிப்பான்.

பத்துப் பாட்டிலில் கடலை எண்ணெய் ஊற்றி, எண் ஒட்டி, ஐந்தில் மட்டும் செசமால் போட்டான். எதில் போட்டான் என்பதை நோட்டில் எழுதி, நோட்டைப் பெட்டியில் பூட்டிவிட்டு, பாட்டில்களைக் கலைத்து முற்றத்து வெயிலில் வைத்தான். இரண்டு மாதம் அவற்றுக்குக் காவல் வேறு. போடாத எண்ணெய் கெட்டு, போட்டது கெடாமல் இருந்தால், பார்க்க வரும் பேராசிரியர் சவரியப்பன் சென்னையில் ஆராய்ச்சி வேலை தருவார். இல்லாவிட்டால் அடுத்த மாதக் கப்பலில் பினாங்கு, அங்கே அப்பச்சி, அதாவது அவன் தகப்பனார், நடத்தும் வட்டிக்கடை. டிக்கெட்டே வந்துவிட்டது. அன்றைக்குப் பேராசிரியர் வந்து முகப்பில் காபி குடித்துக்கொண்டிருந்தார். இங்கே பத்துப் பாட்டிலும் நேற்று ஆட்டிய எண்ணெய் போலக் கமகமத்தன.

"நாந்தான் வச்சேன்," என்றாள் ஆச்சி கடைசியில். "முந்தாநாளு நீ இல்லாதப்ப அந்தப் பக்கம் போனா சிக்கு நாத்தம் கொடலப் பெரட்டுது. ஒண்ணொண்ணா மோந்து பாத்தேன். நாறுனதையெல்லாம் வடிச்சுட்டு, புதுசா ஆட்டுன எண்ணெய ஊத்தி வச்சேன். பட்டணத்துல இருந்து விருந்தாளி வாராரு. சிக்கெண்ணெ பொழங்குற வீடுன்னு நாளைக்குச் சொல்ல மாட்டாகளா? ஒனக்கு மானம் இல்லாட்டியும் எனக்கு இருக்குடா."

"போச்சு! கப்பல்தான் எனக்கு!" என்று ஆதப்பன் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

சத்தம் கேட்டுப் பேராசிரியரே உள்ளே வந்து நின்றார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ரொம்பவும் ஒதுங்கவில்லை.

"ஆச்சி, நீங்க மாத்தினது எந்தெந்தப் பாட்டில்? நெனவிருக்கா?"

"மோந்தவளுக்கு மறக்குமா? வரிசை கலைஞ்சா இவன் குதிப்பான்னு எடுத்த எடத்துலயே வச்சேன். இந்தா, இது ரெண்டு. நடுவுல இது. அங்கிட்டு ஓரத்துல ரெண்டு."

பேராசிரியர் நோட்டை வாங்கி ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"ஆதப்பன், ஒங்க ஆத்தா இந்த நோட்டைப் பாத்தாங்களா?"

"பெட்டிச் சாவி என் அரணாக்கயித்துல இருக்கு சார். பாத்தாலும் அவுகளுக்கு இங்கிலீஷு தெரியாது."

"அவங்க மாத்தின அஞ்சும் நீங்க செசமால் போடாத அஞ்சுதான். போட்ட அஞ்சுல ஒண்ணைக்கூட தொடல. எது எதுன்னே தெரியாம, மூக்கை மட்டும் நம்பி பத்தையும் பிரிச்சிருக்காங்க. நீங்களோ நானோ மோந்திருந்தா, நமக்கு வேண்டியபடி மோந்தோம்னு நாலு பேர் சொல்வாங்க. இவங்களை யார் என்ன சொல்ல முடியும்? அது சரி ஆச்சி, வடிச்ச எண்ணெயக் கொட்டிட்டீங்களா?"

"எண்ணெயக் கொட்டுவாகளா? நெலைக்கதவுக்குத் தேய்க்கலாம்னு டின்னுல வச்சிருக்கேன்."

டின்னைத் திறந்து மோந்த பேராசிரியர் இரண்டடி பின்னால் போனார். போன வேகத்தில் என் காலை மிதித்தார். யாரும் என்னை எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை.

"அப்ப நான் செஞ்சது சரிதானே?" என்றாள் ஆச்சி, மகனைப் பார்த்து.

"அடுத்த தடவை மோந்துட்டு அப்படியே வச்சிருங்க," என்றார் பேராசிரியர்.

ஆவணியில் ஆதப்பன் சென்னைக்கு வேலைக்குப் போனான். தையில் ராயவரத்துச் சிவகாமியைக் கட்டினான். செசமால் மருந்தாகுமா என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறானாம். ஆச்சியும் அவர்களோடு போய்விட்டாள். மருமகளின் தாளிப்பு வாசத்தில் தினமும் குற்றம் கண்டுபிடிக்கிறாள் என்று கேள்வி. பினாங்குக்கு இளையவன் கருப்பையா போனான். அவனுக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே கல்லாப்பெட்டி மேல் கண். இரண்டு வருஷம் கழித்து வந்து, பொன்னமராவதியில் பெண் எடுத்து, அவளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டான்.