மீசை முளைத்த செய்தி

எங்கள் அரசுத் தொலைக்காட்சி ஏழெட்டு மொழிகளில் செய்தி சொல்லும். எந்த மொழியானாலும் முதல் செய்தி ஒன்றுதான்: அமைச்சர் ஏதோ ஒரு கட்டடத்தின் வாசலில் ரிப்பன் வெட்டுவார். கத்தரிக்கோல் சத்தத்தை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவோம்.

வெளிநாட்டு ஒளிபரப்பில் தமிழ்ச் செய்தி வாசிப்பவன் நான். அதை ஈ, காக்கை கூடப் பார்ப்பதில்லை, மாதக் கடைசியோடு ஊற்றி மூடிவிடலாம் என்று இயக்குநர் முடிவு கட்டியிருந்தார். ஒரே ஒரு நேயரைக் காட்டினால் யோசிப்பாராம். ஆனால் சொந்தபந்தம் செல்லாது. வேறொரு பிரிவு மாமியார்களை விட்டுப் பாராட்டு வாங்கியதில் மனிதர் உஷாராகிவிட்டார்.

எனக்கு வேலை போகாது, இன்னொரு நாற்காலிக்குத் தள்ளுவார்கள். என் கவலையெல்லாம் வெளிநாட்டில் இருக்கும் அக்காதான். அவள் மகள் கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கா அதை நம்பவில்லை, அன்றிலிருந்து என் போனை எடுப்பதும் இல்லை. ஆனால், "அம்மா தினமும் உங்க செய்தியைப் பாக்கறாங்க, மாமா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று மருமகள் காதைக் கடித்திருந்தாள். செய்தி நின்றால் அந்த ஒரு நூலும் அறுந்துவிடும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

இந்த நேரம் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. அப்போதும் லீவு இல்லை, ஆபீசில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாற்றாள் கிடைக்காததால் தயாரிப்பாளரம்மா என் பழைய பதிவு ஒன்றைத் தூக்கிப் போட்டார். மறுநாளும் அதையே போட்டார். ஏற்கெனவே வெட்டிய ரிப்பனை அமைச்சர் மறுபடி மறுபடி வெட்டினார். அவர் அலுவலகத்திலிருந்து வழக்கம்போலப் பாராட்டு வந்தது.

பிறகு இயக்குநர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜைமேல் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

"போன மாசம் மீசைய எடுத்தவருக்கு ஒரே ராத்திரியில எப்படிங்க முளைக்கும்? பழசப் போட்டு யாரை ஏமாத்தறீங்க? அவருக்கு என்ன ஆச்சு? உயிரோடதான இருக்காரு?"

தயாரிப்பாளரம்மா என் மூக்குக்குக் கீழே அப்போதுதான் பார்த்தார். இயக்குநரும் பார்த்தார். அந்தக் குரலில் சின்ன வயதில் வாங்காத திட்டா?

"தொண்டைதான் கட்டியிருக்கு. நீங்க அவருக்குச் சொந்தமா?" என்று இயக்குநர் சந்தேகத்தோடு கேட்டார்.

"சொந்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாக்கறவ, அவ்வளவுதான்" என்றாள் அக்கா. சுருக்கென்று தைத்தது. செய்தி பிழைத்ததும் அந்த வார்த்தையால்தான். கொஞ்சம் விட்டு, "அவருக்குக் குளிர்ந்த தண்ணி ஆகாது. வெந்நீர் குடுங்க. கேக்கமாட்டாரு, அதட்டித்தான் குடுக்கணும்" என்றாள்.

இயக்குநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, ஒரு நேயர் கிடைத்துவிட்டார், செய்தி தொடரட்டும் என்று தயாரிப்பாளரம்மாவிடம் சொல்லிவிட்டு, போனை என் பக்கம் நகர்த்தினார்.

எனக்கு வாயில் வந்தது தினமும் சொல்கிற வார்த்தைதான். "நேயருக்கு வணக்கம்" என்றேன். பாதி காற்றாகத்தான் வந்தது.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏன்டா, அக்கான்னு கூப்பிட்டா கொறைஞ்சா போயிடுவ?"

இயக்குநர் அவசர அவசரமாக ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, எதுவும் காதில் விழாதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.