ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்

அம்புலன்ஸில் வந்த இருவரில் ஒருவன்தான் ஓவனை அணைத்தான். மற்றவன் அருள்நாயகத்தின் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து எண்ணி எண்ணி அழுத்திக்கொண்டிருந்தான். புனிதவதி பேஸ்மென்ற் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றாள். அணைத்தவன் திரும்பி அவளிடம் ஏதோ கேட்டான். புருஷன் என்ன மருந்து எடுக்கிறவர் என்று கேட்டிருக்க வேண்டும். அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கிறான் என நினைத்து, "சொசேஜ்" என்றாள்.

பதினொன்றரைக்கு அவரைக் கொண்டுபோனார்கள். இரண்டு வீடு தள்ளியிருக்கும் அருள்மலர் தன் காரில் புனிதவதியை ஏற்றிக்கொண்டு பின்னால் போனாள். அரை மணித்தியாலம் கழித்து ஓர் இளம் டொக்ரர் வந்து, அவள் முன்னால் முழந்தாளிட்டு இருந்து, மெதுவான குரலில் சொல்லி முடித்தாள். அருள்நாயகத்துக்கு அறுபத்தொரு வயது. புனிதவதி தலையை ஆட்டினாள். அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

அன்று 2009 மே பதினெட்டு, திங்கட்கிழமை, விக்ரோறியா தின விடுமுறை. மகள் மயூரி காலையிலேயே கொடியோடு யூனிவேர்சிற்றி அவெனியூவில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போயிருந்தாள். அருள்மலர் ஏழு தரம் அழைத்தும் அந்தச் சனத்தின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. எட்டாவது தரம் எடுத்து, என்ன ஏது என்று கேட்காமலே, "யாரு, மாமாவா?" என்றாள்.

மாமா என்றது புனிதவதியின் தம்பி குகதாசனை. வன்னியில், யுத்தத்துக்கு நடுவில், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இடம் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தவன். அந்த வீட்டில் ரெலிபோன் அடித்தால் நாலு மாதமாக எல்லோரும் முதலில் நினைப்பது அவனைத்தான். பேஸ்மென்ற்றில் நின்று கிழங்கு வெட்டிக்கொண்டிருந்த மனிதரைப் பற்றி யாரும் பயந்திருக்கவில்லை.

எண்பத்தாறில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஓர் ஒற்றை அறையில் இருந்த காலத்தில் அருள்நாயகத்துக்கு சொசேஜ் செய்யும் ஃபாக்ரரி ஒன்றில் வேலை கிடைத்தது. அடுத்த மெஷினில் நின்ற யானெக் என்ற போலந்துக்காரர்தான் அந்தச் சமையலைப் பழக்கியவர். உருளைக்கிழங்கை வட்டம் வட்டமாக வெட்டித் தட்டில் அடுக்கி, மேலே சீவிப் புளிக்கவைத்த முட்டைக்கோவா, அதற்கு மேலே வெங்காயத்தோடு வதக்கிய போலந்துச் சொசேஜ், புளித்த கிறீம், எல்லாவற்றையும் மூடினாற்போல் சீஸ். காலையில் ஒரு மணித்தியாலம் ஓவனில், பின்னேரம் சாப்பிட முன் மறுபடி கொஞ்சம் சூடு. பன்றி இறைச்சி என்பதால் புனிதவதி தொடமாட்டாள். எற்றோபிக்கோவில் வீடு வாங்கியபோது அவள் போட்ட ஒரே நிபந்தனை, அது தன் குசினிக்குள் வரக்கூடாது என்பது. அவர் மறுபேச்சில்லாமல் பழைய ஓவன் ஒன்றை வாங்கிப் பேஸ்மென்ற்றில் பொருத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே சமைத்து, அங்கேயே ஒரு கதிரையைப் போட்டு, வானொலி கேட்டுக்கொண்டு சாப்பிடுவார். மயூரி இறங்கிப் போய் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு வருவாள். புனிதவதிக்கு அந்தச் சாப்பாட்டின் மணம் மட்டும்தான் தெரியும்.

ஜனவரியில் ஒருநாள் அவள் படியில் நின்றபடியே சொன்னாள்: "அங்க சனம் கஞ்சிக்கு வரிசையில நிக்குது. நீங்கள் சீஸ் போட்டுச் சமைக்கிறியள்."

அவர் அன்றைக்கு வெட்டியிருந்த கிழங்கை அவளிடமே கொடுத்துவிட்டார். அதன் பிறகு அவர் ஓவனைப் போடவில்லை. குகதாசனைப் பற்றி ஏதாவது கேட்க இரண்டொரு தரம் வாயெடுத்தார். ஒவ்வொரு தரமும் அவள் எழுந்து வேறு அறைக்குப் போனாள்.

இன்று காலை அவள் ரிவிக்கு முன்னால் இருந்தாள். வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அருள்நாயகம் பின்னால் வந்து நின்றார்.

"இண்டைக்கு ஒருக்காச் சமைக்கப் போறன், புனிதம்."

அவள் திரும்பவில்லை. இன்னும் ஏதோ சொல்ல இருப்பவர்போல அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கீழே இறங்கிப் போனார். வெட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஓவன் கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு ஏதோ விழுந்த சத்தம். சட்டி என்று நினைத்தாள். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வந்த பிறகுதான் எழுந்தாள்.

இதை அவள் டொக்ரரிடமும் சொல்லவில்லை, மயூரியிடமும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கெல்லாம் வீடு நிரம்பிவிட்டது. வந்தவர்கள் வாசலில் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். உள்ளே போய் ரிவியைப் பார்த்து மறுபடி அழுதார்கள். யார் எதற்கு அழுகிறார்கள் என்று அவளுக்குப் பிரித்தறிய முடியவில்லை. ஒரு மனிசி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குடுத்து வைச்சவர், உதுகளை எல்லாம் பாக்காமல் போயிட்டார் என்றாள். தெருவில் விடுமுறைக்கு யாரோ பகலிலேயே பட்டாசு கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அறை ஒருகணம் பேச்சடங்கியது.

அருள்நாயகத்தின் தமையன் சண்முகலிங்கம் பிறம்ரனிலிருந்து வந்திருந்தார். இறுதிக் கிரியையை வியாழக்கிழமைக்கு ஒழுங்கு செய்தது அவர்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"செத்த வீட்டில பண்டி இறைச்சியை வைச்சுக்கொண்டு இருக்கிறதே? அருள்மலர், உந்தத் தட்டை எடுத்து வெளியில போடு பிள்ளை."

அருள்மலர் எழுந்தாள்.

"விடு," என்றாள் புனிதவதி. "நான் பாக்கிறன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பார்க்கவும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தாள்.

சரியாக ஐந்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வருகிறவர்கள் மணி அடிக்காமல் நேரே உள்ளே வந்துகொண்டிருந்ததால் புனிதவதியே போய்த் திறந்தாள். மடிப்புக் கலையாத சேர்ட்டோடு ஒரு வெள்ளைக்கார முதியவர். ஒரு கையில் பேக்கரியில் வாங்கிய கறுத்தப் பாண், மற்றக் கையில் ஒரு கடித உறை. வாசலில் குவிந்து கிடந்த சப்பாத்துகளைப் பார்த்து, நிறைய விருந்தாளிகள் போலிருக்கிறதே என்று சிரித்தார். நாயகம் எங்கே என்று கேட்டார். அந்தப் பேரை அவர் 'நயாக்' என்று சொன்னார். யானெக் தன்னை அப்படித்தான் கூப்பிடுகிறவர் என்று அருள்நாயகம் முன்பு சொல்லியிருந்ததால், யானெக் இவர்தான் என்று அதில்தான் அவளுக்குத் தெரிந்தது. இருபத்துமூன்று வருடத்தில் ஒருநாளும் அவரை வீட்டுக்கு அழைத்ததில்லை.

அவளுக்குப் பதில் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. மயூரி வந்து சொன்னாள். யானெக் பாணை மயூரியிடம் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அதற்கு வெகுநேரம் எடுத்தது.

குசினி மேசையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை மயூரி தமிழில் சொன்னாள். அவருடைய தாயின் தம்பி ஒருவர் பெரிய யுத்தத்தில் காணாமல் போனவர். யுத்தம் முடிந்து பத்தொன்பது வருடம் கழித்து செஞ்சிலுவைச் சங்கம் அவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததாம். அந்தக் கதையை வேலைத்தலத்தில் கேட்ட நாளிலிருந்து அருள்நாயகம் விடவில்லை. காணாமல் போனவர்களைத் தேடும் படிவம் ஒன்றை எடுத்து நிரப்பி யானெக்கிடம் கொடுத்திருந்தார். யானெக்கின் பெறாமகள், அவருடைய தமையனின் மகள், செஞ்சிலுவைச் சங்க அலுவலகத்தில் வேலை. அவள் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தாள். அதுதான் அந்தக் கடித உறைக்குள் இருந்தது.

"அப்ப அப்பா ஏன் என்னட்டக் கேக்கேல்லை?" என்றாள் புனிதவதி.

மயூரி அதை யானெக்கிடம் கேட்டாள். அவர் மேசையைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"அம்மா, அப்பா ட்ரை பண்ணினவராம். நீங்க எழும்பிப் போயிடுவீங்களாம். ஸோ, திங்கட்கிழமை நான் சமைக்கிறன், நீ வந்து சாப்பிட்டிட்டு அவவிட்டக் கேள் எண்டு இவரிட்டச் சொன்னவராம். வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு முன்னால அம்மா எழும்பிப் போகமாட்டா எண்டு."

புனிதவதி எழுந்தாள். மயூரி அவள் கையைப் பிடித்தாள். அவள் கையை விடுவித்துக்கொண்டு பேஸ்மென்ற்றுக்கு இறங்கினாள்.

ஓவன் கதவைத் திறந்தாள். சீஸ் பாதி உருகி இறுகிப்போய்க் கிடந்தது. ஒரு முள்ளுக்கரண்டியால் குத்திப் பார்த்தாள். கிழங்கு வேகவில்லை. அந்த ஓவனை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்று மயூரியைக் கூப்பிட்டு யானெக்கிடம் கேட்கச் சொன்னாள். முன்னூற்றைம்பதில் நாற்பது நிமிடம் என்று பதில் வந்தது. அருள்நாயகம் விழுந்து கிடந்த இடத்துக்கு அருகில், அவருடைய கதிரையிலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே சண்முகலிங்கத்தின் குரல் ஒருமுறை உயர்ந்தது. பிறகு பின்கதவு திறந்து மூடிற்று.

தட்டைத் துணியால் பிடித்து மேலே கொண்டுவந்து தன் குசினி மேசையில் வைத்தாள். வாசலில் நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். சாப்பாட்டுக் கோப்பை எடுத்து, ஒரு பெரிய துண்டு வெட்டி யானெக்கின் முன்னால் வைத்தாள். அவர் வேண்டாம் என்று கையை உயர்த்தினார். அவள் கோப்பையை இன்னும் அருகில் தள்ளினாள்.

"சாப்பிடச் சொல்லு. அவர் இவருக்குத்தானே வைச்சவர்."

யானெக் சாப்பிட்டார். மென்று விழுங்குவதற்கு நேரமெடுத்தார். புனிதவதி எதிரில் இருந்து அவர் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப கேக்கச் சொல்லு," என்றாள்.

முதலாவது, குகதாசனின் தாயுடைய தகப்பன் பேர். சொன்னாள். இரண்டாவது, கடைசியாக எப்போது, எப்படித் தொடர்பு.

"ஏப்ரல் ஒன்பது, வியாழக்கிழமை. ரெலிபோனில. மூண்டு நிமிசம்." மயூரி எழுதுவதைப் பார்த்தாள். "அங்க இன்னும் குளிரோ எண்டு கேட்டவன்."

"அதையும் எழுதுறதா?"

"வேண்டாம்."

மயூரி எழுதி முடித்துப் படிவத்தைத் தாயின் பக்கம் திருப்பினாள். கடைசிப் பக்கத்தில், தேடித்தருமாறு கேட்பவரின் பேர் இருக்கவேண்டிய இடத்தில், அருள்நாயகத்தின் கையெழுத்தில் பெரிய பெரிய ஆங்கில எழுத்துகளில் அவருடைய பேர். உறவுமுறை என்ற இடத்தில் மைத்துனர் என்று எழுதியிருந்தார். மயூரி அதைப் பார்த்துவிட்டுத் தாயைப் பார்த்தாள். யானெக் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

புனிதவதி பேனையை வாங்கினாள். அவருடைய பேரின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். மேலே கிடந்த சிறிய இடைவெளியில் தன் பேரை எழுதினாள். மைத்துனர் என்பதை வெட்டித் தமக்கை என்று மயூரியை எழுதச் சொன்னாள். அதற்குக் கீழே முகவரியும் ரெலிபோன் இலக்கமும் இருந்தன. அவற்றை இரண்டு தரம் வாசித்துப் பார்த்தாள். மாற்ற வேண்டியிருக்கவில்லை.