பாதையில் கொட்டிய சக்கை

ஜுவான்யிங்கின் பன்றிகளைச் சுண்ணாம்புக் குழியில் புதைத்த மறுநாள் குயிசென் தன் வீட்டுப் பெரிய வாணலியை அடுப்பில் ஏற்றினாள்.

இருவரும் ஓரகத்திகள். பான் வீட்டு அண்ணனைக் கட்டியவள் ஜுவான்யிங், தம்பியைக் கட்டியவள் குயிசென். இரண்டு வீட்டு வாசல்களும் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஊரார் போய்வரும் சிமெண்டுப் பாதை. ஜுவான்யிங்கின் கொட்டிலில் இப்போது சத்தமே இல்லை. குயிசென்னின் கொட்டிலில் ஆறு சினைப்பன்றிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு நாள் நெருங்கிவிட்டது.

அந்தக் கோடையில் எங்கள் மலைப்பக்கம் முழுக்க நீலக்காது நோய் பரவியிருந்தது. முதலில் காய்ச்சல் வரும். பன்றி தின்னாது. காதின் நுனி ஊதா நீலமாக மாறும். சினையாக இருந்தால் குட்டிகள் செத்துப் பிறக்கும். தடுப்பூசி வருகிறது, வருகிறது என்று ஊர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நோய் அதற்கு முன்னால் வந்துவிட்டது.

குயிசென்னின் புருஷன் சோங்சிங் நகரத்தில் கட்டட வேலையில் இருந்தான். முந்தைய ஆண்டும் அவர்கள் பன்றிகள் செத்துப்போயின. இந்த ஆறு பன்றிகளும் போனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளும் நகரத்துக்குப் போவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அவளுக்குப் போக இஷ்டமில்லை. அதை அவள் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. பன்றித் தீனிக்குக் கொடி நறுக்கும்போது கத்தியை அவள் ஓங்கிப் போடும் விதத்திலேயே தெரியும்.

கால்நடை மருத்துவர் லெய் இளைஞர். மோட்டார் சைக்கிளின் பின்னால் இரண்டு மூட்டை கட்டி வந்தார். ஒன்றில் மூலிகை, ஒன்றில் சுண்ணாம்புத்தூள்.

"பன்லான் வேர், பொன்வெள்ளிப்பூ, அதிமதுரம். வாணலி நிறைய தண்ணி விட்டுப் பாதியாச் சுண்டக் காய்ச்சுங்க. தவிட்டுல கலந்து காலையும் சாயந்திரமும் வைங்க."

"இதக் குடிச்சா நோய் செத்துருமா, டாக்டர்?"

"சாகாதுன்னு என் வாத்தியார் சொல்வார். சாகும்னு என் அப்பா சொல்வார். அவரும் இந்த வேலைதான் பாத்தார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

லெய் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கஷாயம் உள்ள போனா பன்னி தீனி எடுக்குது. அத நான் கண்ணால பாத்திருக்கேன். தீனி எடுக்குற உடம்பு கொஞ்சம் எதுத்து நிக்கும். ஆனா அக்கா, ஒண்ணு கேளுங்க. நோய் காத்துல பறந்து வர்றதவிட ஆளோட கால்லதான் அதிகமா வருது. செத்த கொட்டில்ல நின்ன பூட்ஸ், துணி, கை. கழுவினாக்கூட நம்ப முடியாது. யாரையும் உள்ள விடாதீங்க."

"யாரையும்னா?"

எதிர்வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு அவர் பேச்சை நிறுத்தினார். "யாரையும்தான்."

வாசலில் சுண்ணாம்புக்கோடு போட்டார். கயிறு கட்டினார். 'உள்ளே வரக்கூடாது' என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டார். அவர் வண்டி வளைவைத் தாண்டுவதற்குள் கிழவர் தெங் சுமை தூக்கும் காவடிக்கட்டையை இரவல் கேட்டுக் கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்துவிட்டார்.

"தாத்தா, அட்டையப் பாக்கலையா?"

"பாத்தேன். வெளியூர்க்காரனுக்கு எழுதினதுன்னு நெனச்சேன்."

மத்தியானம் சீட்டாட ஆள் குறைகிறது என்று இரண்டு பெண்கள் வந்தார்கள். சுண்ணாம்பில் செருப்பு வெள்ளையாகிவிட்டது என்று குயிசென்னையே திட்டினார்கள். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குள் போக இன்னொருவர் அனுமதி கேட்டால், நேற்று ஏதோ சண்டை என்று அர்த்தம்.

சக்கையை அவள் யோசித்துக் கொட்டவில்லை. வடிகட்டிய மூலிகைச் சக்கையை வாளியில் அள்ளினாள், பாதையில் கொட்டினாள், அவ்வளவுதான். புருஷனுக்கு நெஞ்சுச்சளி வந்தபோதும் அப்படித்தான் செய்தாள். மருந்துச் சக்கையைப் பாதையில் போட்டால் மிதித்துப் போகிறவர் காலோடு நோயும் போய்விடும், படுத்தவர் எழுந்துவிடுவார் என்பது இங்கே வழக்கம். அதனாலேயே தெரிந்தவர் எவரும் மிதிக்கமாட்டார். சந்தைக்குப் போகும் வெளியூர்க்காரன் மிதித்தால் உண்டு.

மறுநாள் கிழவர் தெங் காவடிக்கட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். சக்கைக்கு முன்னால் பிரேக் போட்டதுபோல நின்றார்.

"இது மனுஷனுக்கா, பன்னிக்கா?"

"பன்னிக்கு, தாத்தா."

"அப்ப இன்னும் மோசம்." கட்டையை மதில்மேல் சாய்த்துவிட்டு, வயல் வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். சீட்டாட்டப் பெண்களும் வரவில்லை. தபால்காரர் தூரத்திலிருந்தே பெயரைக் கூப்பிட்டார்.

லெய் வந்து பார்த்தபோது சுண்ணாம்பு கலைந்து கிடந்தது. ஆனால் சக்கைமேல் ஒரு கால்தடம்கூட இல்லை.

"நாலு வருஷம் படிச்சேன் அக்கா. இதுக்கு ஒரு பாடமும் இல்ல. இனிமே பாதையில சிதற விடாதீங்க. வாசல் முழுக்க, இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம்வரைக்கும் பரப்புங்க."

"ஊர் என்னைத் திட்டும்."

"திட்டட்டும். எட்ட நின்னு திட்டட்டும்."

ஊர் எட்ட நின்றது. பன்றிகள் கசப்புத் தவிட்டை முகம் சுளித்துத் தின்றன. குயிசென் ஒவ்வொரு காதாகத் தடவிப் பார்த்தாள். வெதுவெதுப்பாக, வெளிறிய சிவப்பாக இருந்தன. இத்தனை நாளும் எதிர்வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. புதைத்த நாள் முதல் ஜுவான்யிங் வெளியே வரவில்லை. தட்டில் ஏதாவது எடுத்துப் போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்று குயிசென்னுக்குக் கை துடித்தது. போனால் அந்தக் கால்களோடு தன் கொட்டிலுக்குள் திரும்ப முடியாது. அவள் போகவில்லை.

ஒரு காலை, மழைத் தூறலில், மூத்த பன்றி வைக்கோலை வாயால் இழுத்து இழுத்துக் கூடு கட்ட ஆரம்பித்தது. பகல் ஏறியதும் படுத்து முக்கியது. குட்டி வரவில்லை. மறுபடி முக்கியது. அதன் சத்தம் பாதையைத் தாண்டியது.

எதிர்க்கதவு திறந்தது.

ஜுவான்யிங் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள், புதைத்த அன்று போட்டிருந்த அதே பூட்ஸ். சட்டைக்கையை மடித்துக்கொண்டே வந்தாள். இந்தக் கொட்டிலில் ஒவ்வொரு ஈற்றுக்கும் கை கொடுத்தவள் அவள்தான். அவள் கை ஒடுக்கமானது, குயிசென்னின் கை அகலம்.

"ஏண்டி, காலு முதல்ல வருதா? என்னைக் கூப்பிட உனக்கு வாய் இல்லையா?"

குயிசென் கொட்டில் வாசலிலிருந்து ஓடி வந்தாள். "அக்கா, அங்கயே நில்லுங்க. சக்கை இருக்கு."

"கண்ணு தெரியுது எனக்கு." ஜுவான்யிங் சக்கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை, ஒருவிதத் தீர்மானம்தான் இருந்தது. "ஊரே சுத்திப் போகுதாமே. நான் போகமாட்டேன். என்கிட்ட இனிமே சாக என்ன இருக்கு? நல்லா மிதிக்கிறேன். உன் வீட்டு நோய் மொத்தத்தையும் நான் எடுத்துட்டுப் போறேன்."

ஒரு பூட்ஸ் உயர்ந்தது.

இப்படி ஒருவர் தானாக வந்து மிதிப்பதாகச் சொல்வதைக் குயிசென் கேட்டதே இல்லை. கூடப்பிறந்தவர்கள்கூடச் செய்யமாட்டார்கள்.

"வேண்டாம்! அக்கா, நோய் என் வீட்ல இல்ல. உங்க கால்ல இருக்கு."

பூட்ஸ் அந்தரத்தில் நின்றது. மெல்லப் பின்னால் இறங்கியது.

"என் கால்லயா?"

"டாக்டர் சொன்னார். செத்த கொட்டில்ல நின்ன பூட்ஸ்... கழுவினாலும் போகாதாம்."

"ஓஹோ. அதான் ஒருத்தியும் என் கதவைத் தட்டலையா? நான் செத்தேனா இருக்கேனான்னுகூட நீ பாக்கல." ஜுவான்யிங்கின் குரல் தாழ்ந்திருந்தது. "நீ கல்யாணமாகி வந்தப்ப ஈரக்காலோட நின்னே. என் செருப்பைக் கழட்டித்தான் உனக்குக் கொடுத்தேன். அந்தக் காலுதாண்டி இது."

பன்றி மறுபடி கத்தியது. குயிசென் திரும்பிப் பார்த்தாள். வாணலிப் பக்கத்தில் அன்றைய சக்கை வாளியில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் வாளியைத் தூக்கி வந்தாள். வாசல் கோட்டுக்கு உள்ளேயே நின்று, இரண்டு கையாலும் வீசினாள். சக்கை பாதையைத் தாண்டி ஜுவான்யிங்கின் வாசற்படியில் போய் விழுந்து சிதறியது.

மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ "ஐயோ" என்றார்கள். இன்னொருவர் வீட்டு வாசலில் சக்கை எறிவதைவிடப் பெரிய அவமானம் எங்கள் ஊரில் இல்லை.

"அக்கா, அங்க மிதிங்க," என்றாள் குயிசென். அழுதுகொண்டிருந்தாள். "எனக்காக மிதிங்க. ஆனா உங்க வாசல்ல நின்னு மிதிங்க. உள்ள நான் என்ன செய்யணும்னு கத்திச் சொல்லுங்க. எனக்குக் கேக்கும்."

ஜுவான்யிங் தன் படியைப் பார்த்தாள். குயிசென்னைப் பார்த்தாள். பூட்ஸ் ஒவ்வொன்றாகத் திரும்பின. பாதையைக் கடந்து போனாள். கதவைச் சாத்திக்கொள்வாள் என்றுதான் நினைத்தோம்.

படியில் ஏறி நின்றாள்.

"கையை நல்லாக் கழுவினியா?"

"கழுவினேன்!" குயிசென் கொட்டிலுக்குள் ஓடிவிட்டாள்.

"எண்ணெய் தடவு. விரலைக் குவிச்சுக்கோ, மொட்டு மாதிரி. உன் கை என்ன, மண்வெட்டி. மெதுவா!"

"காலுதான் தட்டுப்படுது, அக்கா!"

"ஒரு காலா, ரெண்டா?"

"ஒண்ணு... இல்ல, ரெண்டு!"

"ரெண்டும் கிடைச்சா பயமில்ல. அவ முக்கும்போது இழு. அவ நிறுத்தினா நீயும் நிறுத்து. அவசரப்பட்டேன்னா கொன்னுடுவேன்."

பேசிக்கொண்டே ஜுவான்யிங் மிதித்தாள். பன்லான் வேரும் பூவும் ஈரப்படியில் நசுங்கிக் கசப்பு வாசனை எழுந்தது. கிழவர் தெங் வரப்பில் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவர் ஊர் முழுக்கச் சொல்லுவார். எப்படிச் சொல்வது என்று அவருக்கே இன்னும் தெரியவில்லை என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

கொட்டிலில் அமைதி. அந்த அமைதியில் மிதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ஒரு மெல்லிய கீச்சொலி.

ஜுவான்யிங் மிதிப்பதை நிறுத்தினாள். "காது?" என்று கத்தினாள். "காது என்ன நிறம்?"

"சிவப்பு!" உள்ளிருந்து குரல் உடைந்து வந்தது. "சிவப்புதான், அக்கா. அடுத்தது வருது!"

ஜுவான்யிங் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பாவாடை நனையாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்து, அடுத்ததற்காக மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.