வட்டானை வீட்டுக் கழிவுக் குழாய்

கல்முனைக்குடியில், கடலிலிருந்து மூன்றாவது வளவில், வட்டானை சரீப் இருக்கிற வீட்டுக் கிணற்றில் இருபது வருடமாக இறந்தவர்களின் உடலை, மையத்தை, குளிப்பாட்டுகிற தண்ணீர்தான் ஊறியது. வேண்டிய இளஞ்சூட்டில், இலந்தை இலை வாசமும் கற்பூர வாசமும் கலந்தபடியே வாளியில் ஏறும். முப்பது வருடம் வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டதால்தான் சரீப்புக்கு வட்டானை என்று பெயர். சுனாமியாய்க் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவருடைய பெண்சாதி பல்கீஸ் கடற்கரைத் தெருவிலிருந்த கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை. மையத்தும் கிடைக்கவில்லை. மையத்து இல்லையென்றால் குளிப்பாட்டும் இல்லை, கபன் சுற்றுகிற வெள்ளைத் துணியும் இல்லை. மூழ்கி மவுத்தானவர்கள் ஷஹீதுகள், உயிர்த்தியாகிகள், அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று பள்ளியில் சொன்னார்கள். சரீப் ஓம் என்றார். கிணறு ஓம் என்று சொல்லவில்லை.

அந்த வருடம் வெள்ளைக்காரர்கள் பம்பு கொண்டுவந்து தெருவிலுள்ள எல்லாக் கிணறுகளையும் இறைத்து, குளோரின் போட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றக் கிணறுகள் இரண்டு மாரிக்குள் வழக்கமான உப்புத் தண்ணீருக்குத் திரும்பின. இது மட்டும் பல்கீஸுக்கு வேண்டியதை ஊறிக்கொண்டே இருந்தது. பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது. கேற்றைத் தாண்டினதும் அதுவும் கற்பூரமாகியது. கடைப் போத்தலை வீட்டுக்குள் திறந்தாலும் அதே கதைதான். இதில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ எடுக்கலாமா கூடாதா என்று இரண்டு மௌலவிமார் பிணங்கி, ஒன்றரை வருடம் ஆளுக்காள் முகம் பார்க்காமல் திரிந்தார்கள். ஊரில் ஆர் மவுத்தானாலும் வாளியோடு ஆள் இங்கேதான் வரும், காய்ச்சவும் தேவையில்லை, கலக்கவும் தேவையில்லை. சரீப் ஒருவரையும் மறித்ததில்லை. விடிந்ததும் முதல் வாளியை மட்டும் தான் அள்ளித் தன் தலையில் ஊற்றிக்கொள்வார். வேறு கலியாணம் பேசி வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அந்தத் தேத்தண்ணீரைக் குடித்த பிறகு ஒருவரும் இரண்டாந்தரம் வரவில்லை.

இந்தப் பக்கத்து வழமைப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான். பல்கீஸுக்குப் பிறகு அது மகள் றினோஸாவின் பேருக்கு வந்தது. மாப்பிள்ளை கட்டாரில். முப்பத்தைந்து வயதில் றினோஸாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. கிட்னி பழுதாகிறது, நல்ல சுத்தமான தண்ணி குடிக்காவிட்டால் மெசினில் இரத்தம் சுத்திகரிக்கிற நிலைக்குப் போகும் என்று டொக்டர் சொன்னார். 

அப்போதுதான் காரைதீவுப் பாக்கியராசா வந்தார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் பில்டர் பூட்டுகிறவர். தண்ணீருக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்து எண் பார்த்தார். கருவி எண்ணைத்தான் காட்டும், அதற்கு என்ன அர்த்தம் என்று விற்கிறவன்தான் சொல்லுவான், அதனால் சரீப் அதை எட்டியும் பார்க்கவில்லை. மூன்று சாதி பில்டர் இருந்தது. மணலும் கரியும் போட்டதைப் பூட்டிப் பார்த்தார்கள், மஞ்சள் நிறம் மட்டும் போனது. லைட் எரிகிறதைப் பூட்டினார்கள். அது உயிருள்ள கிருமியைச் சாகடிக்குமாம். மவுத்தானதை அது என்ன செய்யும் என்று சரீப் கேட்டார், பாக்கியராசா லைட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். மூன்றாவது ஆர்ஓ மெசின். அதிலிருந்து வந்த தண்ணீரை றினோஸா வாயில் வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை, வாசம் இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனால் மெசினுக்கு இரண்டு குழாய். ஒன்றில் ஒரு லீட்டர் வந்தால் மற்றதில் மூன்று லீட்டர் கழிந்து போகும். எல்லா வீட்டிலும் விலையைத்தான் கேட்பார்கள். வட்டானை வேறொன்று கேட்டார்.

"கழியிற தண்ணி எங்க போகும் தம்பி?"

"ஊத்தைத் தண்ணி ஓடுற கானுக்குள்ளதான் வட்டானை. எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான்."

"அப்ப கழட்டிக்கொண்டு போ."

பாக்கியராசா கழற்றிக்கொண்டு போனார். நாலு மாதம் போனது. றினோஸாவின் வீக்கம் காலிலிருந்து முகத்துக்கு ஏறியது. வீடு அவளுடையது, தகப்பனைக் கேட்காமலே மெசினை எடுத்திருக்கலாம். தெருவில் உள்ளவர்களும் அதைத்தான் சொன்னார்கள், கிழவனுக்கு விசர் என்றும் சொன்னார்கள். அவள் எடுக்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சரீப்பே கேட்டார், ஏன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று.

"வளவு என்ட பேரில இரிக்கி," என்றாள் றினோஸா. "உம்மா என்ட பேரில இல்லயே வாப்பா."

அடுத்த நாள் காலை சரீப் மண்வெட்டியை எடுத்தார். அதன் பிடியைத் தன் நெஞ்சோடு வைத்துப் பார்த்தார். பல்கீஸின் உச்சி அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கு வரும். அந்த அளவுக்குக் கொல்லையில் ஒரு பள்ளம் வெட்டினார், தலைமாடு வடக்கே, கால்மாடு தெற்கே, ஒரு விரல் சரிவு. குசினிச் சுவரிலிருந்து தலைமாட்டுக்கு வாய்க்கால் இழுத்தார். பாக்கியராசாவைக் கூப்பிட்டு, மெசினைப் பூட்டச் சொல்லி, கழிவுக் குழாயை வாய்க்காலில் வைத்தார்.

கடற்கரை மணல் வெள்ளத்தையே குடிக்கிற மணல். இந்தத் தண்ணீரை அது குடிக்கவில்லை. முதல் நாள் இலந்தை இலைப் பச்சையாய்ப் பள்ளம் நிறைந்து, பொழுதுபட மஃரிபோடு தானாக வடிந்தது. இரண்டாம் நாள் தெளிந்த தண்ணீர், அதுவும் வடிந்தது. மூன்றாம் நாள் கற்பூரம். அன்றைக்குத் தெருப் பெண்கள் ஒருவரும் கூப்பிடாமலே நாலு படுக்கைச் சீலையோடு வந்து, பள்ளத்தைச் சுற்றி மறைத்துப் பிடித்து, வெளிப்பக்கம் பார்த்து நின்றார்கள். புருசன் குளிப்பாட்டலாம், மார்க்கத்தில் தடையில்லை. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு உள்ளே போன சரீப், அஸர் பாங்கு சொல்லும் வரை வெளியே வரவில்லை. கோப்பையால் அள்ளி ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. இடையில் ஒரு தரம் அவர் கதைத்தார், சீலை பிடித்து நின்ற எல்லோருக்கும் அது கேட்டது.

"மூச்ச அடக்காத பல்கீஸ். இது கடல் இல்ல, நம்மட கிணத்துத் தண்ணி."

கொல்லையில் வைத்தே ஜனாஸாத் தொழுதார்கள். பிணங்கியிருந்த இரண்டு மௌலவிமாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். பள்ளத்தை மூடினார்கள். அந்திக்குக் கிணற்றில் வாளி விட்டபோது உப்புத் தண்ணீர் வந்தது, குளிர்ந்த தண்ணீர், தெருவிலுள்ள மற்றக் கிணறுகளைப் போல.

றினோஸா தேறினாள். டொக்டர் மருந்துதான் காரணம் என்றார், பாக்கியராசா மெசின்தான் என்றார், இரண்டு பேரையும் நம்ப வேண்டிய தேவையில்லை, முகத்து வீக்கம் இறங்கியது உண்மை. சரீப்தான் இறங்கிப்போனார். வாளியோடு வந்தவர்களை வெறும் வாளியோடு அனுப்ப வேண்டியிருந்தது. விடியக்காலையில் தலைக்கு ஊற்றுவதை விட்டுவிட்டார். மகள் மெசின் தண்ணீரைக் கோப்பையில் நீட்டினால், மருந்து போல ஒரே மூச்சில் விழுங்கிவிட்டுக் கோப்பைக்குள் பார்ப்பார்.

ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பில்டர் மாற்ற வேண்டும். முதல் தரம் பாக்கியராசா கழற்றியபோது, வெள்ளை உருளையைச் சுற்றித் தலைமுடி கிடந்தது, ஒரு முழ நீளம், பாதி கறுப்பும் பாதி நரையும். வீட்டில் ஆருடையது என்று கேட்டார். சரீப் அதை வெயிலில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். கடல் கொண்டுபோனபோது பல்கீஸுக்கு முப்பத்தேழு வயது, ஒரு முடி நரைக்கவில்லை.

"அவளுக்கும் நரைக்கும் எண்டு நான் நினைக்கல்ல," என்றார்.

மையத்தின் உதிர்ந்த முடியை மையத்தோடு அடக்குவதுதான் முறை என்று மௌலவிமார் சொன்னார்கள், இந்தத் தரம் இரண்டு பேரும் ஒன்றாக. கொல்லையில் அதே இடத்தில் அடக்கினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் வந்தது முக்கால்வாசி நரை. போன மாதம் வந்தது முழு வெள்ளை, சரீப்பின் தாடியைப் போலவே. பாக்கியராசா அட்டையில் அடுத்த தேதியை எழுதிவிட்டுப் போனார். இப்போதெல்லாம் அவர் வரும்போது, புதுப் பில்டரோடு ஒரு முழம் வெள்ளைத் துணியும் கொண்டுவருகிறார்.