பாதி விலைக் கரி

கரி விலை பாதியாக இறங்கிவிட்டது என்று கேட்டபோது கோமு நம்பவில்லை. சீமையில் சண்டை மூண்ட இந்த நாலு வருஷத்தில் ஏரல் கடைத்தெருவில் விலை ஏறாத சாமான் எது? மண்ணெண்ணெய் கண்ணில் படுவதே அபூர்வம். விறகுக் கட்டு பாதியாய் இளைத்து, விலை மட்டும் கொழுத்திருந்தது. இந்த லட்சணத்தில் கரி மட்டும் இறங்குமா?

இறங்கித்தான் இருந்தது. ஆவுடைநாயகம் பிள்ளை கரி மூட்டை அடுக்கி வைத்து விற்கும் கிட்டங்கியில் கோமு தன் கையாலேயே மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். கட்டி கட்டியான கரி. ஒன்றோடொன்று தட்டினால் கிண்ணென்றது.

"பாதி விலைங்கீக. இன்னுங் கொஞ்சம் கொறைங்க அண்ணாச்சி, பத்து மூட்டையா எடுத்துக்கிடுதேன்."

"ஏயப்பா! ஒன் புருசன் வெங்கலத்தைத்தான் உருக்குதான். நீ ஆளையே உருக்கிப்புடுவ போலிருக்கே" என்று சிரித்தபடி ஆவுடைநாயகம் இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

பத்து மூட்டையையும் வண்டியில் ஏற்றி, தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள் கோமு. அடுத்த வீட்டுப் பிரம்மநாயகி முதல் கோடி வீடு வரைக்கும் ஏழெட்டுப் பேர் அவள் பேச்சைக் கேட்டு ஓடிப்போய் வாங்கினார்கள்.

கோமுவின் புருஷன் மந்திரமூர்த்தி வெண்கலம் வார்க்கிற ஆசாரி. வீட்டுப் பின்கட்டில்தான் உலை. உலையும் அடுப்பும் ஒரே கரியில் எரிகிற வீடு அது. எரிப்பது அத்தனையும் கோமுவின் அதிகாரம். மூட்டையில் உதிரும் தூளைச் சாணத்தோடு பிசைந்து உருட்டிக் காயவைத்து அடுப்புக்கு வைப்பாள். உருக்கு முடிந்த உலையின் சூடு ஆறுமுன் சோற்றுப் பானையை ஏற்றிவிடுவாள். பொழுது சாய்ந்தால் ஒற்றை விளக்கு. சாப்பிட்டுக் கை கழுவியதும் அதற்கும் விடுதலை.

அந்த ஐப்பசியில் விஷக்காய்ச்சல் ஊரைச் சுருட்டிக்கொண்டிருந்தது. மந்திரமூர்த்தி பிழைத்து எழுந்து பத்து நாள்கூட ஆகவில்லை. துருத்தி இழுக்கக் கையில் வலுவில்லாததால் அந்த வேலையும் கோமுவுக்கே வந்தது.

இத்தனைக்கும் இடையில் ஒரு பெரிய வார்ப்பு. ஆற்றுக்கு அக்கரையில் நிலபுலன் உள்ள சங்கரசுப்பிரமணிய பிள்ளையின் மகன் காய்ச்சலில் கிடந்தபோது, அவர் மனைவி சொர்ணாம்பாள் சிவன் கோயிலுக்கு மணி வார்த்துத் தருவதாக நேர்ந்துகொண்டாள். மகன் பிழைத்தான். காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. அவள் சீராகக் கொண்டுவந்த வெண்கல உருளி, பானை, குத்துவிளக்கு எல்லாவற்றையும் பிள்ளை வண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்.

"உருக்கி ஊத்தும் ஆசாரியாரே. திருக்கார்த்திகைக்கு மணி தொங்கணும்."

செம்பும் வெள்ளீயமும் கண்ணால் பார்க்க முடியாத காலம். வார்ப்புத் தவறினால் இரண்டாவது வாய்ப்பு இல்லை. மணி நன்றாக வந்தால் கோயில் வேலைகள் தேடி வரும். கெட்டுப்போனால் மந்திரமூர்த்தியின் உலை அதோடு அணைந்த மாதிரிதான். இது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரியும்.

வார்ப்பு நாள் காலையில் மழை விட்டிருந்தது. உருக்கும் மண்குடுவையான மூசையில் சொர்ணாம்பாளின் உருளி துண்டு துண்டாகக் கிடந்து சிவந்துகொண்டிருந்தது. கோமு துருத்தியை இழுத்தாள். கரியை அள்ளிப் போட்ட மந்திரமூர்த்தி முகத்தைச் சுளித்தான்.

"ஏளா, இது என்ன கரி? உடமரக் கரியுங் கெடக்கு, மாமரக் கரியுங் கெடக்கு, புளியுங் கெடக்கு. கரி சுடுதவன் இப்படிக் கலந்தா சுடுவான்?"

"எரியுதுல்லா? பொறவென்ன? மாங்கரி ஆவாதுன்னு மூசை வந்து சொல்லுச்சாக்கும்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. உலைக்குள் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பொறி பறந்தது. கரித்துண்டு ஒன்று துள்ளி வந்து கோமுவின் காலடியில் விழுந்தது. பதறிக் காலை இழுத்துக்கொண்டு, இடுக்கியால் அதைப் புரட்டினாள்.

மூங்கில். ஒரு பக்கம் கரியாகி, மறு பக்கம் இன்னும் பச்சை மாறாத மூங்கில் கணு. கணுவுக்குக் கீழே, கயிறு நழுவாமல் இருக்க அரிவாளால் போட்ட இரண்டு வெட்டுகள்.

மூங்கிலை யார் கரி சுடுவார்கள்? அப்படி வெட்டுப் போட்ட பச்சை மூங்கிலை அவள் அந்த மாதத்தில் மட்டும் நாலு முறை பார்த்திருக்கிறாள், இதே தெருவில், நாலு வீட்டு வாசலில். பாடை கட்டும்போது.

கோமுவுக்குக் கை நின்றுவிட்டது. புருஷனைப் பார்த்தாள். அவன் மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தாங்க... இது..."

"ஊது."

"நான் கேக்குதேன்..."

"ஊதுளா! பாதி உருகிட்டு. இப்ப நெருப்புத் தணிஞ்சா மூசை வெடிச்சிரும். அத்தனையுஞ் சாம்பலுக்குள்ள போயிரும். ஊது!"

ஊதினாள். கண்ணில் நீர் வழிந்தது; புகையா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் உலை மூச்சு விட்டது. இந்தக் கரியில்தான் நேற்றுச் சோறு வடித்தாள். முந்தாநாள் அவனுக்குக் காய்ச்சலுக்குப் பிந்திய கஞ்சி. தெருவில் எட்டு வீட்டு அடுப்பிலும் இதுதான் எரிகிறது, அவள் சொல்லித்தான். மறுபடியும் ஊதினாள். உலோகம் வெண்ணெயாய் இளகி, பிறகு தண்ணீராய்த் தளும்பியது. மந்திரமூர்த்தி இடுக்கியால் மூசையைத் தூக்கி, மண் அச்சான கருவின் வாயில் வார்த்தான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

வார்த்து முடிந்ததும் கோமு மூங்கில் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு கிட்டங்கிக்கு நடந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை.

ஆவுடைநாயகம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் முந்தானையை அவிழ்த்துக் கொட்டினாள்.

"இது எந்தக் காட்டு மரம், அண்ணாச்சி?"

அவர் அதைப் பார்த்தார். திடுக்கிடவில்லை. பைய எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சத்தம் போடாத தாயி. ஆத்தங்கரைச் சுடுகாட்டுல மழை பெஞ்சு சிதையெல்லாம் பாதியில அணைஞ்சு கெடக்கு. ஆத்துல வெள்ளம் வந்தா அடிச்சுக்கிட்டுப் போவும். அதை எவன் தலையில கல்லைப் போட்டு எடுத்தேன்? வண்டியனுப்பி அள்ளினேன், அம்புட்டுதான்."

"மனுசரை எரிச்ச கரியையா வித்தீக! அடுப்புல வச்சுச் சோறு பொங்கினேன்!"

"நீதானே இன்னுங் கொறை, இன்னுங் கொறைன்னு நின்ன? விலை ஏன் எறங்கிச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியா? ஊருல ஒருத்தராவது கேட்டீகளா?"

கோமு மூங்கில் துண்டை எடுத்து மறுபடி முந்தானையில் முடிந்தாள்.

"நல்லா யோசிச்சுக்கோ" என்றார் அவர் குரலைத் தணித்து. "நீ வாயைத் தொறந்தா எனக்கு ஒரு கிட்டங்கிதான் போவும். ஒன் புருசன் வார்த்த மணியை எந்தக் கோயில் தொடும்? அதுக்கப்புறம் அவன் வார்த்த சொம்புல எவன் தண்ணி குடிப்பான்? இன்னும் நாலு மூட்டை அனுப்பி வைக்கேன், நல்ல உடங்கரி. வீட்டுக்குப் போ."

வீட்டுக்குத்தான் போனாள். பொழுது சாய்ந்து சூடு ஆறியதும் மந்திரமூர்த்தி கருவை உடைத்து மணியை வெளியே எடுத்தான். முழங்கை உயரம்; எங்கும் ஒரு ஓட்டை இல்லை, விரிசல் இல்லை. அவன் இத்தனை வருஷத்தில் வார்த்ததில் இதுபோல ஒன்று வந்ததில்லை.

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

அவன் மணியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "கலப்புக் கரின்னு தெரியும். எங்கேருந்து வருதுன்னு கேக்கப் பயமா இருந்துது."

"இப்ப என்ன செய்ய?"

"என்ன செய்ய? மணி வந்துட்டு. வாயை மூடிக்கிட்டு இருப்போம்."

மறுநாள் காலையில் சங்கரசுப்பிரமணிய பிள்ளை வந்தார். மணியைக் கண்டதும் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு கையாலும் அதைத் தடவினார். "அவ பார்க்கக் குடுத்து வைக்கலியே" என்றார்.

மந்திரமூர்த்தி கோமுவைப் பார்த்துத் தலையை அசைத்தான், வேண்டாம் என்று. கோமுவும் பேசக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவர் குனிந்து அந்த மணியில் நெற்றியை வைத்தார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"ஐயா, அதைத் தொடாதீக!"

எல்லாவற்றையும் சொன்னாள். மூங்கிலைச் சொன்னாள், கிட்டங்கியைச் சொன்னாள், தான் பேரம் பேசியதைச் சொன்னாள். மந்திரமூர்த்தி சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

பிள்ளை மணியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "கரி வண்டி என்னைக்கு வந்துது?" என்றார்.

"போன வியாழக்கிழமை, ஐயா."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"புதன்கிழமை சாயந்தரம் அவளுக்குத் தீ வச்சோம். மழை பிடிச்சிட்டு. வியாழக்கிழமை காலையில காடாத்தப் போறோம், தண்ணி தெளிச்சு எலும்பு பொறுக்க. சாம்பல் கெடக்கு, எலும்பு கெடக்கு, கரி ஒண்ணு கெடையாது. கூட்டிப் பெருக்கின மாதிரி இருந்துது. ஆறு வந்து போயிட்டுன்னு நெனச்சேன், அம்மா. ஆறு கொண்டு போயிட்டுன்னு மகன்கிட்டச் சொன்னேன்."

கோமு தலையில் கைவைத்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள். மூன்று பேருக்கும் நடுவில் மணி இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

பிள்ளைதான் முதலில் எழுந்தார். மந்திரமூர்த்தியை நோக்கி, "மணியை வண்டியில ஏத்தும்" என்றார்.

"ஐயா, கோயிலுக்கு..."

"நேந்துக்கிட்டவ அவ. பண்டம் அவளது. உருக்குன நெருப்பும் அவளதுன்னா, அதுல நான் யாரு நடுவுல? கோயில்ல உள்ளதைச் சொல்லுதேன். ஒத்துக்கிட்டா அங்கன தொங்கும். இல்லைன்னா என் வீட்டுல தொங்கும். ஒம்ம வேலையில ஒரு குத்தமும் இல்லைவே. அதையும் சொல்லுதேன்." பிறகு கோமுவிடம் திரும்பினார். "மூட்டை எத்தனை மிச்சம் இருக்கு?"

"ஆறு, ஐயா."

"அதை எரிக்காதே. எவளுக்கு மகனோ, எவனுக்குப் பெண்டாட்டியோ. ஆத்துல கரைக்கணும்."

கோமு மூட்டை ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வண்டியைச் சுற்றித் தெரு கூடியிருந்தது. பிரம்மநாயகி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னட்டி, பாதி விலைக்கு வாங்கி முழு விலைக்கு விக்கியா?"

கோமு மூட்டையை இறக்கிவைத்தாள். சொன்னாள். பாதியில் பிரம்மநாயகியின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"ஏட்டி... எம் மக பெத்துப் போட்டுப் படுத்திருக்காட்டி. அவளுக்கு அதுலதான் மருந்து காய்ச்சினேன்..."

தன்மேல் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கோமு தலையைக் குனிந்துகொண்டாள். பிரம்மநாயகி வெடுக்கென்று திரும்பி வீட்டுக்குள் போனாள். போனவள், மூட்டையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பிடிட்டி அந்தப் பக்கம். ஒத்தையில தூக்க முடியல."

கோமு ஓடிப்போய்ப் பிடித்தாள். அதற்கடுத்த வீட்டுக் கதவு திறந்தது; அங்கிருந்தும் ஒரு மூட்டை வெளியே வந்தது.