குப்புறக் கிடந்த மூச்சு

சூர்யபிரகாஷைச் சிலமலை ஓடைக்கரையில் புதைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே அவனுடைய மூச்சு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எண்பத்து மூன்று நாள் பிள்ளையின் மூச்சு. அடுப்பங்கரைக்குப் போகிற வழியில், மூலையில், தரையோடு தரையாகக் கிடந்து ஓடிக்கொண்டிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதையும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். பக்கத்து வீட்டு மாயக்காள் குனிந்து காதைக் கொடுத்துப் பார்த்து, "ஆத்தாடி, அசந்து தூங்குறானே" என்று மூக்கைச் சிந்திவிட்டுத் தன் சோலியைப் பார்க்கப் போனாள். அந்த வாரம் போடியில் ஏலக்காய் விலை ஏறியது. ஊருக்குப் பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டது.

பிள்ளையின் தகப்பன் சின்ராசு, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு விறகு போடுகிறவன். தாய் அமுதவள்ளி அதே எஸ்டேட்டில் காய் எடுக்கிறவள். பறிப்புக் காலத்தில் வீட்டில் உட்கார்ந்தால் பிழைப்பு ஓடாது என்று கைப்பிள்ளையையும் ஜீப்பில் தூக்கிப் போனார்கள். மேலே எலும்பைத் துளைக்கிற குளிர், ஸ்டோரில் கதகதப்பு. ஆகவே ஸ்டோர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அடுப்புச் சுவர் ஓரம் மடித்த சாக்கில் கம்பளி விரித்துப் போடுவார்கள். குப்புறப் போட்டால் நெஞ்சுக்குச் சூடு ஏறும், பிள்ளை சிணுங்காமல் தூங்கும் என்பது அவர்கள் கணக்கு. சின்ராசுவும் அப்படித்தான் போட்டான். மத்தியானம் பால் கொடுக்க அமுதவள்ளி வருகிற சத்தம் கேட்டுப் பிள்ளையைத் தூக்கினான். உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை.

சளியும் இல்லை, பாலும் அடைக்கவில்லை, காரணம் சொல்லத் தெரியவில்லை என்று போடி டாக்டர் கையை விரித்தார். ஊருக்கா காரணம் கிடைக்காது? பால் புரையேறிவிட்டது, கொடுக்கத் தெரியாமல் கொடுத்திருக்கிறாள் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசியது. அமுதவள்ளியும் அதை நம்பிவிட்டாள். பிள்ளை குப்புறக் கிடந்ததை அவள் பார்க்கவில்லை. பார்த்தவன் வாயைத் திறக்கவில்லை, படுபாவி. மூலையில் கிடந்த மூச்சு கம்பளிக்குள் முகம் புதைந்த மூச்சு என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து யோகராஜ் பிறந்தான். தடுப்பூசி போட வந்த நர்ஸ் முனீஸ்வரி, மூலையில் கேட்ட மூச்சைத் திரும்பிப் பார்த்து, "மூத்ததா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். "புள்ளைய மல்லாக்கப் போடுங்க. தலகாணி வேணாம், மொகத்துக்கிட்டத் துணி வேணாம், போர்த்திப் போர்த்தி அவிக்க வேணாம். ஒரு வருசம் வரைக்கும் கவனமா இருக்கணும். ரெண்டுல இருந்து நாலு மாசந்தான் ரொம்பப் பயம். ஆறு தாண்டுனா வெகுவாக் கொறஞ்சிரும்."

"குப்புறப் போட்டா?" என்றான் சின்ராசு.

"குப்புறப் படுத்த புள்ளையெல்லாம் சாகுறதில்லண்ணே. ஆனா இப்பிடிச் செத்ததுகள்ல குப்புறப் படுத்ததுதான் நெறைய."

அதன்பிறகு அவன் மலைக்கே போகவில்லை. கீழே காட்டு வேலைக்குப் போனான், வெயில் ஏறியதும் வீட்டுக்கு ஓடி வந்தான். வீட்டில் மூச்சுச் சத்தம் எப்போதும் இருந்ததுதான் பெரிய கொடுமை. சின்னவன் மூச்சு நின்றாலும் பெரியவன் மூச்சு கேட்டுக்கொண்டேயிருக்கும், எப்படித் தெரியும்? புருஷனும் பெஞ்சாதியும் மாறி மாறிப் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துக் கொண்டு கிடந்தார்கள். ஆரம்பத்தில் சின்னவன் மூச்சு அரக்கப்பரக்க ஓடியதால் இரண்டும் தனித்தனியாகக் கேட்டன. நாள் ஏற ஏற இரண்டும் நெருங்கி வந்தன. இரண்டு மாதம் தாண்டியபோது அமுதவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை.

எண்பத்து மூன்றாம் நாள் உச்சிவெயிலில் சின்ராசு வாசலில் கால் வைத்தான். வீட்டுக்குள் ஒரே ஒரு மூச்சுதான் கேட்டது. அமுதவள்ளி சுவரோடு ஒட்டி நின்றாள். "ஒண்ணு நின்னுருச்சுய்யா. எது நின்னுச்சுன்னு தெரியல. எனக்குக் கிட்டப் போகப் பயமா இருக்கு."

அவன் பாய்ந்து போய்ச் சின்னவன் நெஞ்சில் கையை வைத்தான். ஏறி இறங்கியது. அந்தக் கை அங்கே இருக்க, மூலையில் இருந்த மூச்சும் அதே நேரத்தில் ஏறி, அதே நேரத்தில் இறங்கியது. எதுவும் நிற்கவில்லை, அண்ணனும் தம்பியும் ஒரே வயதில் ஒன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள், ஒன்று தெளிவாக, ஒன்று கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கம்மலாக. அந்தக் கம்மலை அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. மூலைக்குப் போய் மண்டியிட்டான். கழுத்துக்கு ஒரு கையும் இடுப்புக்கு ஒரு கையும் கொடுத்து, ஒன்றுமில்லாததைப் பதனமாகத் தூக்கி, புரட்டி, மல்லாக்கப் போட்டான். மூச்சு பளிச்சென்று கேட்டது.

"நாந்தான் குப்புறப் போட்டேன் அமுதா. கம்பளியில, ஸ்டோர்ல. நாந்தான்."

"ரெண்டு வருசமா என் மாரத்தானே வஞ்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றாள். பிறகு அவன் முதுகில் கை ஓய்கிறவரை அடித்தாள். அடித்து முடித்துச் சின்னவனைத் தூக்கி மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். ஐந்து மாதம் புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

மறுநாளே சின்னவன் மூச்சு ஒரு இழை பின்தங்கியது. ஆறு மாதத்தில் நன்றாகப் பிரிந்துவிட்டது, ஒரு வருஷத்தில் யார் கேட்டாலும் எது யாருடையது என்று சொல்லிவிடலாம். அமுதவள்ளி அதற்குப் பிறகுதான் கண்ணை மூடித் தூங்கினாள். பெரியவன் மூச்சு வளரவில்லை. அப்படியே கிடக்கிறது.

யோகராஜுக்கு இப்போது நான்கு வயது. போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் அடுப்பங்கரைக்கு நேராக நடந்தபோது ஓடிவந்து மறித்துக்கொண்டான்.

"அண்ணே, அங்கிட்டு மிதிச்சுறாதீங்க. எங்கண்ணன் தூங்குறான். சின்னப்புள்ள, மூணு மாசங்கூட ஆகல."

அவர் சிலிண்டரைத் தோள் மாற்றிக்கொண்டு சுற்றிப் போனார்.