இந்த வண்டியில் யாரையும் கட்டுவதில்லை

நாலு சக்கரமும் ஒரு சைரனும் இருந்தால் ஆம்புலன்ஸ் ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் பெரியவரின் வண்டிக் கொட்டகையில் ஒரே ஒரு நாள் காலையில் நின்று பார்க்க வேண்டும். கொட்டகைக்குள் வந்ததும் அவர் கண் முதலில் போவது படுக்கை விரிப்பின் மேல். அதில் ஒரு சுருக்கம் இருந்தாலும் வண்டி வெளியே போகாது. ஆக்ஸிஜன் உருளையின் முள்ளைக் கண்ணாடி போட்டு ஒரு முறை, கழற்றி ஒரு முறை பார்ப்பார். வண்டியின் இரண்டு பக்கமும் அவர் அப்பாவின் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார். வண்டி அழுக்காக இருக்கிறது என்று அவர் வாயில் வராது. "அப்பா பேர் மேல சேறு தெறிச்சிருக்கு, துடை" என்றுதான் சொல்வார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் இறங்கி வரமாட்டார். அவருடைய வண்டியில் நோயாளியைப் பெல்ட் போட்டுக் கட்டக் கூடாது. ஸ்ட்ரெச்சரோடு வந்த பெல்ட்டுகளை மடித்து, இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டியில் வைத்திருந்தார். வண்டி ஓடும்போது உடன் வருகிறவர் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையை நோயாளியின் தோளிலும் மறு கையை இடுப்பிலும் வைத்துப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அதுதான் அந்த வீட்டு முறை.

முறைக்குக் காரணம் இருந்தது. பெரியவர் இளைஞராக இருந்தபோது அவர் அப்பாவுக்கு ஜன்னி கண்டு புத்தி தடுமாறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கிடைத்தது ஒரு சரக்கு வண்டி. விழுந்துவிடுவார் என்று அக்கம்பக்கத்தார் கயிறு போட்டு மூட்டையைப் போல் கட்டி ஏற்றினார்கள். தெருவே நின்று பார்த்தது. அப்பா பிழைத்து வந்து பல வருஷம் இருந்தார். ஆனால் மணிக்கட்டில் கயிறு பதித்த தழும்பு தெரியும் என்று கடைசி வரைக்கும் அரைக்கைச் சட்டை போடவே இல்லை. பெரியவர் வண்டி வாங்கியதே அந்தத் தழும்பை மனத்தில் வைத்துக்கொண்டுதான்.

இப்போது பெரிய ஆஸ்பத்திரி ஒரு குண்டைப் போட்டிருந்தது. தரச் சான்றிதழ் இல்லாத தனியார் வண்டிகளை அடுத்த மாதத்திலிருந்து கூப்பிடப் போவதில்லை. ஆஸ்பத்திரி கூப்பிடாவிட்டால் அப்பா பெயர் கொட்டகைக்குள்ளேயே நின்று துருப்பிடிக்க வேண்டியதுதான்.

சான்றிதழுக்கான ஆய்வுக்கு முந்தின நாள் மருமகள் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். அவள் படித்த நர்ஸ். பகல் நேரத்தில் வண்டியில் உடன் போகிறவளும் அவளே.

"மாமா, அந்தப் பெல்ட்டையெல்லாம் எடுத்து மாட்டிடட்டுமா? நாளைக்குக் கேப்பாங்க."

"மாட்டிக்கோ. நாளைக்கு மட்டும்."

"நாளைக்கு மட்டும் மாட்டினா அது பொய் இல்லையா மாமா?"

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தண்ணீர் டம்ளரை நீட்டினாள், அதுவும் இடது கையால். ஒரு வாரமாகவே இப்படித்தான். பெரியவர்களுக்கு ஒரு பொருளை எப்படிக் கொடுப்பது என்று தெரியாத பெண் இல்லை அவள். படிப்பும் சம்பாத்தியமும் இருந்தால் மரியாதை தேய்ந்துதான் போகும் போல என்று நினைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடித்தார். சொல்லிக் காட்டுவது அவர் தகுதிக்குக் குறைவு.

வண்டி ஓட்டுபவர் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனிதர். அன்றைக்கு என்னவோ அவரும் டயரைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டார்.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். கட்டையாக வெட்டிய தலைமுடியும் தோள்பையுமாக நடுவயதுப் பெண். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர் என்று பெரியவருக்கு ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. மருந்துப் பெட்டியைத் திறந்து காலாவதி பார்த்தார். சளி உறிஞ்சும் கருவியைப் போட்டு, குழாய் முனையில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தீயணைப்பானைத் தூக்கிக் குலுக்கினார். கையுறை, முகமூடி, கழிவு போடும் டப்பா எதிலும் குறை இல்லை.

"ஐயா, இவ்வளவு சுத்தமா ஒரு வண்டியை நான் பார்த்ததில்லை" என்றார்.

"அதுல எங்கப்பா பேர் இருக்கும்மா" என்றார் பெரியவர்.

ஆய்வாளர் ஸ்ட்ரெச்சரில் தொங்கிய பெல்ட்டை எடுத்து விரலால் நீவினார்.

"இது புதுசா?"

"வண்டியோட வந்தது."

"வண்டி எப்ப வந்தது?"

"அது ஆச்சுங்க, என் தலையில முடி இருந்த காலம்" என்றார் மச்சினன்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. "மடிப்புக் கூடக் கலையலையே. ஆளுங்களைக் கட்டிக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்லையா?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. அதோடு முடிந்துவிடும். மச்சினன் பின்னால் நின்று தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டிக் காட்டினார். பெரியவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சான்றிதழுக்காகப் பொய் சொல்லி வாங்குகிற பெயர் வண்டியில் எழுதத் தகாத பெயர்.

"இல்லம்மா. எங்க வண்டியில யாரையும் கட்டுறதில்லை. கையால பிடிச்சுக்குவோம். நோயாளியும் மனுஷன்தானே."

"சரி. பிடிக்கிறவங்களை யார் பிடிச்சுக்குவாங்க?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "எங்க ஆளுங்க கை அப்படிம்மா. இத்தனை வருஷத்துல எங்க வண்டிக்குள்ள ஒருத்தருக்கு ஒரு கீறல் விழுந்தது கிடையாது. இதோ, என் மருமகதான் கூடப் போறவ. நீங்களே கேளுங்க."

மருமகள் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். குனிந்து கால் விரலைப் பார்த்தாள். மச்சினன் மறுபடி டயரைப் பார்க்கக் குனிந்தார். பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாமா."

"கையை நீட்டு."

அவள் இடது கையை நீட்டினாள்.

"அந்தக் கையை."

வலது பக்கச் சட்டைக் கையை அவள் மெல்ல மேலே தள்ளினாள். முழங்கைக்கு மேல் ஒரு சாண் அகலத்துக்குக் கன்றிப்போய், நடுவில் கறுத்து, ஓரத்தில் மஞ்சள் பூத்திருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"போன வாரம்" என்று ஆரம்பித்தார் மச்சினன். குரலே அவருடையதாக இல்லை. "இடுப்பெலும்பு முறிஞ்ச அந்த வயசான பாட்டையா வந்தாரே அத்தான், அன்னைக்கு. சைக்கிள்காரன் ஒருத்தன் குறுக்கே வந்துட்டான். பிரேக்கை அடிச்சேன். பாட்டையா விழுந்துடுவார்னு இந்தப் பொண்ணு அவர் மேலேயே குறுக்கே விழுந்துடுச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகல. இது போய் அலமாரி முனையில மோதிடுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான் கீறல் விழுந்ததில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்வீங்களே மாமா" என்றாள் மருமகள். "அதைப் பொய்யாக்கணுமான்னு இருந்துச்சு."

ஒரு வாரமாக மரியாதைக் குறைவு என்று தான் கணக்கு வைத்துக்கொண்டிருந்த அந்த இடது கையைப் பெரியவர் பார்த்தார். பிறகு ஆய்வாளர் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்குங்கம்மா. காயம் உண்டு. என் வீட்டுப் பொண்ணுக்கே."

ஆய்வாளர் பேனாவை எடுக்க ஒரு கணம் தயங்கினார். பிறகு எழுதினார். "இன்னைக்குச் சான்றிதழ் தர முடியாதுங்க ஐயா. பெல்ட் பழக்கத்துக்கு வரணும். கூடப் போறவங்களும் ஓர இருக்கையில உட்கார்ந்து, அங்க இருக்கிற பெல்ட்டைப் போட்டுக்கணும். மண்டி போடுற வேலை வேண்டாம். மாசக் கடைசிக்குள்ள கூப்பிடுங்க, திரும்ப வர்றேன்." படியிறங்கும்போது நின்று, "என்கிட்ட 'கட்டுறோம்'னு சொல்றவங்கதான் அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஒரு தலையாட்டுல முடிஞ்சிருக்கும்" என்று மச்சினன் புலம்ப ஆரம்பித்தார். "தலைதான் போகுதுன்னாலும் கிரீடத்தைப் பிடிச்சுக்கிற ஆளு நீங்க."

பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வண்டிக்குள் ஏறினார். கைத்தடியைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு, சுருக்கம் விழாதபடி விரிப்பின் மேல் படுத்தார்.

"கட்டும்மா."

"மாமா..."

"நாளைக்கு இன்னொருத்தரைக் கட்டணும்னா முதல்ல என்னைக் கட்டிப் பாரு. எங்கப்பாவுக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியட்டும்."

அவள் இடது கையாலேயே மாட்டினாள். மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று, முழங்காலுக்கு மேல் ஒன்று, தோள் இரண்டுக்கும் வார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய கையைப் பிடித்து, இடுப்புப் பெல்ட்டின் நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான் மேல் வைத்தாள்.

"தாத்தாவைக் கட்டினது கயிறு மாமா. அதை அவிழ்க்க அடுத்தவன் வரணும். இதை நீங்களே எடுத்துடலாம். அழுத்துங்க."

அழுத்தினார். 'டக்' என்று விட்டது. மறுபடி மாட்டச் சொன்னார். மறுபடி அழுத்தினார். மூன்றாவது முறை மாட்டியபோது அழுத்தவில்லை.

"மச்சான், வெளிய ஒரு சுத்து போ. எங்கயாவது பிரேக்கை அடி. சொல்லிட்டு அடிக்காதே."

மருமகள் ஓர இருக்கையில் உட்கார்ந்து தனக்கும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். வண்டி தெரு முனையைத் திரும்பி, காலியாக இருந்த நேர்ச்சாலையில் வேகம் எடுத்தது. திடீரென்று மச்சினன் மிதித்தார். கைத்தடி ஈட்டி போலப் பறந்து, அவர் தலைமாட்டில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த தடுப்பில் 'டமால்' என்று மோதி விழுந்தது. பெரியவர் விரல் அளவு தலைப்பக்கம் நகர்ந்து, திரும்பி வந்தார். தலையைத் திருப்பிப் பார்த்தார். மருமகள் யாரையும் பிடிக்காமல், அடிபட்ட கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அத்தான், உயிரோட இருக்கீங்களா?"

"நீ ஓட்டின வண்டியில இத்தனை பேர் எப்படி உயிரோட இறங்கினாங்கன்னுதான் யோசிக்கிறேன்." பிறகு மருமகளிடம், "கையைப் படம் எடுத்துப் பார்த்தியா?" என்றார்.

"இல்ல மாமா. எடுத்தா கேப்பாங்க, எங்க அடிபட்டுச்சுன்னு."

"கேக்கட்டும். மச்சான், கொட்டகைக்குத் திரும்பாதே. நேரா ஆஸ்பத்திரிக்கு விடு."

ஆஸ்பத்திரி வாசலில் வார்டு ஊழியர் ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். அந்த வண்டியில் பெல்ட் போட்ட ஒருவரை அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை. அதுவும் யார் என்று பார்த்ததும் பதறிப்போய் ஸ்ட்ரெச்சரை இழுக்கக் கை வைத்தார்.

"ஐயா, உங்களுக்கு என்னாச்சு?"

"நோயாளி நான் இல்லப்பா. இவங்க. கையில அடி. எங்க வண்டியில பட்டது" என்றார் பெரியவர், வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. பிறகு தானே சிவப்புப் பொத்தானை அழுத்தி, எழுந்து உட்கார்ந்து, செருப்பைத் தேடினார். அது கொட்டகையில் இருந்தது. வெறும் காலோடு இறங்கி, மருமகளுக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டு நடந்தார்.